முதலாசிரியர் மறைந்தபின் எழுந்த வழிநூல்: ‘கர்னல் சன்’ புதினமும் வாசகர் தீர்ப்பும்

கதையைப் படைத்தவர் மறைந்த பின்னரும் கதைத் தலைவன் வாழ்வதுண்டு. அவ்வாறு அவனை வாழவைக்கும் உரிமை யாருக்கு உரியது? படைத்தவரின் குடும்பத்தாருக்கா, பதிப்பகத்தாருக்கா, அவனை நெஞ்சில் ஏற்றுக்கொண்ட வாசகருக்கா? பிறர் கையால் எழுதப்படும் தொடர்ச்சியை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இவ்வினாக்களுக்கு ஆங்கில உளவுப் புதின வரலாறு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகின்றது. அது 1968ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கர்னல் சன்’ என்னும் புதினம். வெளிவந்த காலத்தில் ஐயத்தோடு நோக்கப்பட்ட அந்நூல், அரை நூற்றாண்டு கழிந்தபின், ஜேம்ஸ் பாண்டு வரிசையில் பிறர் எழுதிய நூல்களுள் முன்னணியில் வைத்துப் பேசப்படுகின்றது. இதற்கிடையில் நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது படிப்போர் நோக்கே. அம்மாற்றம் நிகழ்ந்த வரலாறும், அது எவ்வளவு நியாயமானது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார். முன்னோர் நூலின் முடிபோடு பொருந்தியிருத்தல், பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்தல், மரபு அழியாமற் காத்தல் ஆகிய மூன்றும் வழிநூலுக்குரிய இயல்புகள் என்பது அவர் கருத்து. இலக்கண நூல்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட வரையறையே இஃது எனினும், ஒருவர் தொடங்கிய கதையை மற்றொருவர் தொடரும்போதும் இம்மூன்று வினாக்களே எழுகின்றன.

முதலாசிரியர் விட்டுச் சென்றது

ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் பிளெமிங் 1908ஆம் ஆண்டில் பிறந்தவர். செய்தியாளராகப் பணியாற்றியவர், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறைத் தலைவரின் அணுக்க உதவியாளராக இருந்தவர். போருக்குப்பின் ஜமைக்காத் தீவில் தாம் கட்டிய ‘கோல்டன் ஐ’ என்னும் இல்லத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கழித்து, அங்கேயே தம் புதினங்களை எழுதினார். முதல் நூலான ‘கேசினோ ராயல்’ 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் ஆண்டுக்கு ஒரு நூல் என்னும் ஒழுங்கு பெரிதும் பிறழாமல், பன்னிரண்டு புதினங்களும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளுமாக அவ்வரிசை வளர்ந்தது. 1962ஆம் ஆண்டில் ‘டாக்டர் நோ’ திரைப்படமாக வந்தபின், பாண்டின் புகழ் ஆங்கிலம் வழங்காத நாடுகளிலும் பரவியது.

1964ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் வயதில் பிளெமிங் மாரடைப்பால் காலமானார். ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ என்னும் இறுதிப் புதினம் மறு ஆண்டில் வெளியிடப்பட்டது. அதனை வழக்கம்போல் செப்பனிடும் அவகாசம் அவருக்குக் கிட்டவில்லை. அதன் கைப்படியைப் பார்த்துக் கருத்துரைக்குமாறு பதிப்பாளர்கள் நாடிய எழுத்தாளர் கிங்ஸ்லி ஏமிஸ். பிளெமிங் அரைகுறையாக விட்டதை ஏமிஸே எழுதி முடித்தார் என்று ஒரு வதந்தி நெடுங்காலம் உலவியது, அஃது உண்மையன்று. எனினும், முதலாசிரியரின் கடைசி நூலோடு பின்னோரின் பெயர் அப்போதே பிணைந்துவிட்டது.

தொடர்ச்சி ஏன் வேண்டப்பட்டது?

பாண்டு நூல்களின் உரிமை ‘கிளிட்ரோஸ்’ என்னும் நிறுவனத்திடம் இருந்தது. திரைப்படங்களால் பாண்டின் பெயர் உலகெங்கும் விலைபோகும் பொருளாகிவிட்ட காலம் அது. போலிகளும் எதிர் நூல்களும் பெருகின. பல்கேரிய எழுத்தாளர் அந்திரேய் குலியாஷ்கி, 1966ஆம் ஆண்டில், தம் நாட்டு ஒற்றன் அவாக்கும் ஸாகோவை ‘07’ என்னும் எண்ணுடைய ஆங்கில ஒற்றனோடு மோதவிட்டு ஒரு புதினம் எழுதினார். ஒரு சுழியைக் குறைத்தால் உரிமைச் சட்டத்திற்குத் தப்பலாம் என்னும் அளவிற்கு நிலைமை இருந்தது. உரிமையாளர் வாளாவிருந்தால் பிறர் அவ்விடத்தை நிரப்புவர் என்ற அச்சம் இயல்பானதே.

முதலில் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜெப்ரி ஜென்கின்ஸ் என்பாரிடம் ஒரு நூல் கேட்கப்பட்டது. அவர் பிளெமிங்கின் நண்பர். ‘பெர் பைன் அவுன்ஸ்’ என்று பெயரிடப்பட்ட அந்நூல் ஏற்கப்படாமல் அச்சேறாது போயிற்று. அதன்பின் பொறுப்பு ஏமிஸிடம் வந்தது. பல எழுத்தாளர்கள் ஒரே புனைபெயரில் அடுத்தடுத்து எழுதுவதற்கு வாய்ப்பாக ‘ராபர்ட் மார்க்கம்’ என்னும் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால், அப்பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஏமிஸ் என்பது தொடக்கத்திலேயே எல்லாரும் அறிந்த செய்தியாக இருந்தது. அப்புனைபெயரில் வெளிவந்த பாண்டு நூல் அஃது ஒன்றே.

ஏமிஸ் யார்?

1922ஆம் ஆண்டில் பிறந்த கிங்ஸ்லி ஏமிஸ், பல்கலைக்கழக விரிவுரையாளர், கவிஞர், 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லக்கி ஜிம்’ என்னும் நகைச்சுவைப் புதினத்தால் பெரும்புகழ் பெற்றவர். உயர்ந்த இலக்கியக்காரர் உளவுக்கதை எழுதுவதா என்று அக்காலத்தில் பலர் புருவம் உயர்த்தினர். ஆனால், ஏமிஸுக்கு அது விளையாட்டன்று. 1958ஆம் ஆண்டில் பால் ஜான்சன் என்னும் திறனாய்வாளர், ‘டாக்டர் நோ’ புதினம் காமமும் மேட்டிமைச் செருக்கும் கொடுமை விருப்பும் கலந்த கலவை என்று ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் கடுமையாகச் சாடியிருந்தார். அத்தகைய கண்டனங்களுக்கு மறுமொழியாக, பிளெமிங்கின் நூல்களை வரிவரியாக ஆய்ந்து ஏமிஸ் எழுதிய ‘தி ஜேம்ஸ் பாண்டு டோசியர்’ என்னும் திறனாய்வு நூல் 1965ஆம் ஆண்டில் வெளிவந்தது. மக்கள் விரும்பிப் படிக்கும் கதையையும் இலக்கிய அளவுகோலால் அளக்கலாம் என்று காட்டிய தொடக்க முயற்சிகளுள் அது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, உரையாசிரியரே வழிநூலாசிரியராகவும் மாறிய அரிய நிகழ்ச்சி இது. முதல்நூலின் இலக்கணத்தை நன்கறிந்தவர் அதன் வழியில் இலக்கியம் செய்யப் புகுந்தார். இதுவே நூலின் வலிமை. அக்காலத்தார் கண்ணுக்கு இதுவே குறையாகவும் பட்டது.

கதையும் அதன் போக்கும்

1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜொனாதன் கேப் பதிப்பகத்தார் ‘கர்னல் சன்’ நூலை வெளியிட்டனர். கதை பிளெமிங்கின் இறுதிப் புதினத்திற்குப் பிந்திய காலத்தில் நடக்கின்றது. உளவுத்துறைத் தலைவர் ‘எம்’ தம் இல்லத்திலிருந்து கடத்தப்படுகின்றார். அவருக்கு நெடுநாள் ஊழியம் செய்த பணியாளும் அவர் மனைவியும் கொல்லப்படுகின்றனர். பாண்டு மட்டும் தப்புகின்றான். பகைவர் வேண்டுமென்றே விட்டுச்சென்ற தடயம் கிரேக்க நாட்டைச் சுட்டுகின்றது. வலை என்று அறிந்தே பாண்டு ஆதென்சு நகருக்குச் செல்கின்றான்.

அங்கே கிரேக்கத் தீவு ஒன்றில் சோவியத் ஒன்றியம் ஒரு மறைமுக மாநாட்டைக் கூட்டியிருக்கின்றது. சீனப் படைத்தலைவர் கர்னல் சன் அம்மாநாட்டைக் குண்டுவீசி அழித்து, எம், பாண்டு ஆகியோரின் உடல்களை அங்கே கிடத்தி, பழியைப் பிரிட்டன்மேல் சுமத்தத் திட்டமிடுகின்றார். அவருக்குத் துணை நிற்பவன், போர்க்காலத்தில் கிரேக்க ஊர் மக்களைக் கொன்ற ஒரு முன்னாள் நாஜி அதிகாரி. பாண்டுக்குத் துணையாவோர் இருவர்: சோவியத் படை உளவுத்துறைக்காகப் பணிபுரியும் கிரேக்கப் பொதுவுடைமைப் பெண் அரியாட்னே, அந்நாஜியைப் பழிவாங்கக் காத்திருக்கும் கிரேக்கப் போராளி லிட்சாஸ். ஆங்கில ஒற்றனும் சோவியத் ஒற்றியும் ஓரணியில் நிற்பது அக்காலத்திற்குப் புதுமை.

இந்நூலில் வியத்தகு பொறிகளுக்கு இடமில்லை. துறையினர் கொடுத்தனுப்பும் மறைவுக் கருவிகள் பாண்டுக்குப் பயன்படவே இல்லை. தன் அறிவும் உடல் வலிமையும் நண்பர் துணையுமே அவனுக்கு உதவுகின்றன. திரைப்படங்களில் பொறிகள் மலிந்துகொண்டிருந்த அந்நாளில், ஏமிஸ் வேண்டுமென்றே எதிர்த்திசையில் நடந்தார். தன் வாழ்க்கை ஒரே தடத்தில் ஓடி மழுங்கிவிடுமோ என்று கவலும் பாண்டையே அவர் நூலின் தொடக்கத்தில் காட்டுகின்றார்.

முதல் தீர்ப்பு

நூல் வெளிவந்தபோது கிடைத்த வரவேற்பு கலவையானது. பாராட்டியோர் இருந்தனர், ஆயினும் பலரின் மதிப்புரைகள் ‘இது பிளெமிங் அன்று’ என்னும் ஒரே முடிபைச் சுற்றிச் சுழன்றன. நடையில் பிளெமிங்கின் விரைவு இல்லை என்றனர் சிலர். ஏமிஸின் நகைச்சுவையும் இல்லை என்றனர் வேறு சிலர்.

எதிர்ப்புகளுள் மிகக் கடுமையானது பிளெமிங்கின் மனைவி ஆன் பிளெமிங்கிடமிருந்து வந்தது. தம் கணவரின் பாத்திரத்தைப் பிறர் கையாள்வதையே அவர் விரும்பவில்லை. ‘சண்டே டெலிகிராப்’ இதழுக்காக அவர் எழுதிய மதிப்புரை, அவதூறு வழக்கு நேரும் என்னும் அச்சத்தால் அச்சிடப்படாமல் நிறுத்தப்பட்டது. சட்டப்படி உரிமை நிறுவனத்திடம் இருந்தது. ஆனால், இறந்தவரின் நினைவைக் காக்கும் உரிமை தமக்கே உண்டு என்று மனைவி கருதினார். அவர் சினத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. கணவர் மறைந்து நான்கு ஆண்டுகூட நிறையாத வேளை அது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. 1968ஆம் ஆண்டில் பெரும்பாலோர் தீர்ப்பளித்தது நூலைப் பற்றியன்று. நூல் எழுதப்பட்ட செயலைப் பற்றியே. அமரர் ஒருவரின் நாற்காலியில் மற்றொருவர் அமரலாமா என்னும் வினா, அமர்ந்தவர் என்ன செய்தார் என்னும் வினாவை மறைத்துவிட்டது.

அளவுகோல் மாறிய வரலாறு

‘கர்னல் சன்’ 1969, 1970ஆம் ஆண்டுகளில் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் படக்கதையாக வந்தது. அதன்பின் ஏமிஸ் பாண்டு புதினம் எதுவும் எழுதவில்லை. ஜான் பியர்சன் எழுதிய பாண்டின் கற்பனை வாழ்க்கை வரலாறு 1973ஆம் ஆண்டிலும், திரைப்படக் கதைகளைத் தழுவிய கிறிஸ்டபர் வுட்டின் நூல்கள் 1977, 1979ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. இக்காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாண்டு வாசகர் சங்கங்கள் தோன்றித் தமக்கென இதழ்களும் நடத்தலாயின. நூல்களை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பேசும் ஒரு வாசகர் கூட்டம் உருவாயிற்று. நாளிதழ் மதிப்புரையாளர் ஒரு நூலை ஒருமுறை படித்துத் தீர்ப்பெழுதுவார். இவ்வாசகரோ பத்துமுறை படித்துத் தீர்ப்பை மாற்றி எழுதுவர்.

1981ஆம் ஆண்டில் ஜான் கார்ட்னர் ‘லைசென்ஸ் ரினியூட்’ என்னும் புதினத்தோடு தொடரைப் புதுப்பித்தார். பாண்டை எண்பதுகளுக்குக் கொண்டுவந்து, ‘சாப்’ காரில் அமர்த்தினார். அவர் 1996 வரை எழுதிய புதினங்கள், திரைப்படத் தழுவல் இரண்டையும் சேர்த்துப் பதினாறு. எண்ணிக்கையில் இது பிளெமிங்கையும் விஞ்சியது. அவருக்குப்பின் அமெரிக்கரான ரேமண்ட் பென்சன் 1997 முதல் 2002 வரை எழுதினார். பிளெமிங்கின் நூற்றாண்டான 2008இல் செபாஸ்டியன் பாக்ஸ் ‘டெவில் மே கேர்’ எழுதினார். ஜெப்ரி டீவர் 2011இல் பாண்டை இருபத்தோராம் நூற்றாண்டு இளைஞனாகவே மாற்றினார். வில்லியம் பாய்டு 2013இல் அவனை 1969ஆம் ஆண்டிற்குத் திருப்பி அனுப்பினார். ஆந்தனி ஹோரோவிட்ஸ் 2015, 2018, 2022ஆம் ஆண்டுகளில் மூன்று நூல்கள் எழுதினார். அவற்றுள் இறுதி நூல் பிளெமிங்கின் கடைசிப் புதினம் முடிந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றது. ஏமிஸ் முதலில் உழுத நிலத்திற்கு மிக அண்மையிலுள்ள நிலம் அது.

இந்நூல்கள் ஒவ்வொன்றும் வரவர, ‘கர்னல் சன்’ மதிப்பு உயர்ந்தது. 1968ஆம் ஆண்டு வாசகருக்கு ஒப்பிடக் கிடைத்தது முதல்நூல் ஒன்றே. பிற்கால வாசகருக்கோ பல வழிநூல்கள் கிடைத்தன. முதல்நூலோடு ஒப்பிட்டால் எவ்வழிநூலும் குறைவாகத் தோன்றும். வழிநூல்களைத் தம்முள் ஒப்பிட்டபோதுதான், இக்கலை எத்துணை அரியது என்பதும், ஏமிஸ் அதில் எவ்வளவு தூரம் வென்றார் என்பதும் விளங்கின. பின்வந்தோர் சிலர் பாண்டின் காரையும் மதுவையும் சரியாகப் பிடித்தனர். ஏமிஸ் அவன் மனத்தைப் பிடித்தார். தலைவரிடம் அவனுக்குள்ள பற்றும், தன் தொழில்மீது அவனுக்கு எழும் சலிப்பும் பிளெமிங்கின் இறுதி நூல்களில் தொடங்கியவை. அவற்றை ஏமிஸ் அறுபடாமல் எடுத்துச் சென்றார். முந்திய நூலில், பகைவரால் மனம் மாற்றப்பட்ட பாண்டு தன் தலைவரையே கொல்ல முயல்கின்றான். இந்நூலில் அதே தலைவரை மீட்க உயிரைப் பணயம் வைக்கின்றான். முன்னோர் முடிபோடு பொருந்துதல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வரலாறும் நூலுக்குத் துணை நின்றது. சோவியத் ஒன்றியமும் சீனாவும் ஒரே அணி என்று மேலை நாட்டார் பலர் எண்ணியிருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது. 1969ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உசூரி ஆற்றுத் தீவொன்றில் இரு நாட்டுப் படைகளும் மோதின. அம்மோதலுக்கு ஓராண்டு முன்னரே அப்பகையைக் கதையின் அச்சாணியாக்கியிருந்தார் ஏமிஸ். சோவியத் பெண் ஒற்றரோடு பாண்டு கூட்டுச் சேரும் கதை 1977ஆம் ஆண்டில் திரைக்கு வந்தபோது, நூலைப் படித்தோர் அதனை முன்பே கண்டிருந்தனர்.

திரைப்படங்களும் மறைவாகவும் வெளிப்படையாகவும் இந்நூலுக்குக் கடன்பட்டன. எம் கடத்தப்படும் நிகழ்ச்சி 1999ஆம் ஆண்டுப் படத்தில் இடம்பெற்றது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்பெக்டர்’ படத்தில், பாண்டைச் சித்திரவதை செய்யும் பகைவன் பேசும் பேச்சு ‘கர்னல் சன்’ நூலிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தின் இறுதியில் ஏமிஸின் உரிமையாளர்க்கு நன்றியும் தெரிவிக்கப்பட்டது. 1995இல் மறைந்த ஏமிஸ் அதனைக் காண உயிரோடு இல்லை. பிளெமிங்கின் வழியில் பிறந்த நூல் தானே ஒரு மூலமாக மாறிவிட்டது.

உயர்ந்த மதிப்பும் தாழ்ந்த மதிப்பும்

மறுமதிப்பீடு என்றாலே புகழ்ச்சி என்று கொள்ளுதல் தவறு. மீண்டும் படிக்கும்போது நிறைகள் புலப்படுவது போலவே குறைகளும் புலப்படும். ‘கர்னல் சன்’ நூலின் நடுப்பகுதியில் கடற்பயணக் காட்சிகள் நீண்டு கதையைத் தளர்த்துகின்றன என்பதை அதன் அன்பர் பலரே ஒப்புவர். ஆனால், அது சிறு குறை. பெருங்குறை வேறு.

கதைப்பகைவரான சன், கொடுமையைக் கலையாகப் போற்றும் சீனராகப் படைக்கப்பட்டுள்ளார். கொரியப் போரில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை விசாரித்து ஆங்கிலம் கற்றமையால், பிரிட்டனின் பல வட்டாரங்களின் ஒலிப்பும் கலந்த ஆங்கிலத்தை அவர் பேசுகின்றார். ஆங்கிலேயரை ஒருவகையில் விரும்பவும் செய்கின்றார். இந்நுட்பங்கள் அவரைப் பொம்மையாகாமல் காக்கின்றன. இறுதியில், தாம் செய்த கொடுமை தமக்கு எவ்வகை உயர்வும் தரவில்லை என்று அவரே உணரும் இடம், உளவுக்கதைப் பகைவரிடம் காணற்கரியது. எனினும், அவர் நிற்கும் மரபு பழையது. சாக்ஸ் ரோமர் 1913ஆம் ஆண்டில் நூலாக்கிய ‘பூ மாஞ்சு’ முதலாக, சீனர் என்றால் சூழ்ச்சியும் சித்திரவதையும் என்று ஆங்கில மக்கட்கதைகள் கற்பித்துவந்தன. பிளெமிங்கின் ‘டாக்டர் நோ’ அதே மரபில் வந்தது. ஏமிஸ் அம்மரபை மெருகேற்றினார்; மறுக்கவில்லை.

1968ஆம் ஆண்டு மதிப்புரையாளருக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. அவர்கள் கவலை நடையைப் பற்றியதாகவே இருந்தது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அண்டை வீட்டாராய் வாழும் மலேசிய, சிங்கை வாசகர் கண்ணுக்கு இக்குறை தப்பாது. ஒரு தனிமனிதன் கொடியவனாக இருப்பது கதை. அவன் கொடுமைக்கு அவன் இனமே காரணம் என்பது போன்ற குறிப்பு இழையோடுமானால், அது கதையைக் கடந்த செய்தி. ஏமிஸின் அரசியலும் இதற்குப் பின்புலம். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்த அவர், 1967ஆம் ஆண்டிற்குள் வலப்பக்கம் சாய்ந்து, வியத்நாம் போரில் அமெரிக்காவை ஆதரிப்பவராக மாறியிருந்தார். சோவியத் பெண்ணை மனிதப் பண்போடு படைக்க முடிந்த எழுதுகோல், சீனப் பகைவரிடத்தில் பழைய அச்சையே பயன்படுத்தியதை இப்பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும்.

ஆகவே, இந்நூலின் மறுமதிப்பீடு இருமுகமுடையது. புனைதிறன் பற்றிய மதிப்பு உயர்ந்தது. உலக நோக்கு பற்றிய மதிப்பு தாழ்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லும் நேர்மை உண்மையான வாசகருக்கு வேண்டும். அன்பு மிகுந்தோர் முன்னதை மட்டும் சொல்வர். சினம் மிகுந்தோர் பின்னதை மட்டும் சொல்வர்.

வாசகர் தீர்ப்பு கற்பிப்பது

முன்னோர் முடிபோடு பொருந்துதலில் ‘கர்னல் சன்’ வென்றது. பின்னோன் வேண்டும் வேறுபாடு என்னும் வகையில், பொறிகளை நீக்கி மனிதனை முன்னிறுத்தியும், பகை நாட்டார் இருவரை நண்பராக்கியும் அது புதுமை கண்டது. மரபு அழியாமற் காத்தல் என்னும் மூன்றாம் இயல்பில்தான் சிக்கல். மரபு முழுவதும் காக்கத்தக்கதன்று. காக்கவேண்டியது எது, கைவிடவேண்டியது எது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு வழிநூலாசிரியருக்கு உண்டு. ஏமிஸ் நல்லதைக் காத்தபோது தீயதையும் சேர்த்தே காத்துவிட்டார்.

தொடக்கத்தில் எழுப்பிய உரிமை வினாவிற்கும் இவ்வரலாறே விடை தருகின்றது. எழுதச் சொல்லும் உரிமை சட்டப்படி நிறுவனத்திற்கு உரியது. வருந்தும் உரிமை குடும்பத்தாருக்கு உரியது. இறுதித் தீர்ப்போ வாசகருக்கே உரியது. அவர்களும் அதனை ஒரே நாளில் வழங்குவதில்லை. நாற்காலி யாருடையது என்னும் சினம் தணியவேண்டும். ஒப்பிடுவதற்கு வேறு நூல்கள் பிறக்கவேண்டும். படிப்போர் தம் காலத்து அறத்தையும் கொண்டுவந்து நூலின்முன் வைக்கவேண்டும். இவை நிறைவேறியபின் எஞ்சி நிற்கும் மதிப்பே நூலின் மெய்ம்மதிப்பு. பள்ளியில் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பயன்படும் பாடம். ஒரு நூலை மாணவர் கையில் கொடுக்கும்போது முதலில் கேட்கவேண்டியது ‘இதனை எழுத இவர் யார்?’ என்பதன்று, ‘இதில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது?’ என்பதே. ‘கர்னல் சன்’ நூலை வாசகருலகம் அவ்வாறு கேட்கத் தொடங்கியபோதுதான் அதன் ஒளியும் நிழலும் ஒருங்கே தெரிந்தன.